உள்ளே விட்ட முடிச்சு

சித்திரை வெயிலில் ராஜகிரிப் பாறையில் உள்ளங்கையை வைத்தால் பொசுங்கிவிடும். அப்படிப்பட்ட செஞ்சியில், கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு ஐந்து ஊசியோடு திண்ணையில் உட்கார்ந்து சாக்ஸ் பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும்: “யாருக்கும்மா இதெல்லாம்?” பல வருஷமாக நான் சொல்லி வந்த பதில், “அப்பாவுக்கு.” அது பொய் என்பது எனக்கே தெரியாது. 2025 ஜூலையில் ஒருநாள் சாயங்காலம், அப்பாவின் இடது காலிலிருந்து ஒரு சாக்ஸை மெல்ல மெல்ல உரித்தெடுத்தபோதுதான் தெரிந்தது. அதுவரை நான் பின்னியதெல்லாம் என் கண்ணுக்காக.

பின்னல் எனக்குப் பெரியம்மா கொடுத்தது. பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர். அம்பாலா, ஜலந்தர், ஜபல்பூர் என்று குவார்ட்டர்ஸ் மாறி மாறி வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் செஞ்சிக்கே திரும்பினார்கள். எங்கள் பக்கத்தில் பட்டாளத்து வீடு என்றால் இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசத்தோடு ஸ்வெட்டர்கள் இருக்கும். பெரியம்மா வடக்கே மார்கழி வெயிலில் பஞ்சாபிப் பெண்களோடு முற்றத்தில் உட்கார்ந்து பின்னப் பழகியது. அதனால் எனக்கு வந்த பின்னல் பாஷையில் பாதி இந்தி. ஊசிக்குச் சலாய். நேர்க்கண்ணி சீதா, புரட்டுக்கண்ணி உல்டா. “ரெண்டு சீதா, ரெண்டு உல்டா” என்று அவர் முணுமுணுக்க முணுமுணுக்க, சாக்ஸின் மேல்வாய் விரலுக்கடியில் வளரும். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் எனக்கு அது ஜபம் மாதிரி மனப்பாடம் ஆனது.

ஸ்வெட்டரை விட சாக்ஸ்தான் கஷ்டம், அழகும் அதில்தான். 64 கண்ணியை நாலு ஊசியில் பதினாறு பதினாறாகப் பிரித்து நிறுத்தி, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். கணுக்கால்வரை அது வெறும் குழாய். அங்கே பாதிக் கண்ணிகளைச் சும்மா நிறுத்திவிட்டு, மீதி 32ஐ மட்டும் முன்னும் பின்னுமாக ஒரு பட்டையாகப் பின்னி, அதன் அடியில் வரிசையைக் குறைத்துக் குறைத்துத் திருப்பினால், தட்டையான துணி திடீரென்று கிண்ணமாகக் குழியும். அதுதான் குதிகால். முதல்முறை அது என் கையில் குழிந்தபோது நான் கத்தியதில் பெரியப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார். இன்றைக்கும் குதிகால் திரும்பும் அந்த நாலு விரற்கடைக்காக நான் ராத்திரி பத்து மணிக்கு மேலும் விளக்கை அணைக்காமல் இருப்பேன்.

நுனிக்கு வரும்போது மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் கண்ணிகள் மிஞ்சும். அவற்றைத் தையல் ஊசியில் நூல் கோத்து, பின்னல் போகிற வழியிலேயே போய் வந்து இணைக்க வேண்டும். சரியாகச் செய்தால் எங்கே முடிந்தது என்றே தெரியாது. விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. இங்கிலாந்தில் இந்த இணைப்புக்கு ராணுவத் தளபதி கிச்சனரின் பெயர். முதல் உலகப் போரில் சாக்ஸ் நுனியின் தடித்த தையல் சிப்பாய்களின் விரல்களை அறுத்ததால் இந்த முறையை அவர் பரப்பினார் என்று சொல்வார்கள். பெரியம்மாவுக்குக் கிச்சனர் யாரென்று தெரியாது, காரணம் தெரியும். “உள்ள முடிச்சு போடாதடி பாப்பா. காலுக்கு வாய் கிடையாது” என்பார். நூல் நுனியை முடிச்சுப் போடாமல், கண்ணிகளுக்குள் நீளமாக ஓட்டி மறைக்கச் சொல்லிக் கொடுத்தார். அதை நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதைச் செய்தேனா என்பதுதான் இந்தக் கட்டுரை.

கல்யாணம், வேலை, பிள்ளை என்று இருபது வருஷம் ஊசிகள் பெட்டிக்குள் கிடந்தன. 2016 ஜனவரியில் சென்னையில் சுபஶ்ரீ நடராஜன் திரட்டிய பெண்கள் குரோஷாவில் 11,148.5 சதுர மீட்டர் போர்வை போட்டுக் கின்னஸ் சாதனை செய்தார்கள். ஊர் ஊராகப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே சதுரம் சதுரமாகப் பின்னி அனுப்பியது. தரையெல்லாம் நிறமாகக் கிடந்த அந்தப் போட்டோவைப் பேப்பரில் பார்த்த அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

பின்னலை விட நூல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. செஞ்சி ஃபேன்ஸி ஸ்டோர்களில் உல்லன் நூல் என்றால் வாசல் தோரணத்துக்கும் பள்ளிக்கூடக் கைவேலைக்கும் விற்கும் சின்ன உருண்டைகள்தான், ஒயர் கூடை ஒயருக்குப் பக்கத்தில் தொங்கும். நல்ல நூல் வேண்டுமென்றால் சென்னை பாரிமுனைச் சந்துகளுக்குப் போக வேண்டும். அங்கே லூதியானா நூல் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும். இல்லையென்றால் புதுச்சேரி. புதுச்சேரிக்கு அப்பாவும் கூட வருவார். நான் நூல் பார்க்கிற நேரத்தில் அவர் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களிடம் போய்விடுவார். அவை செஞ்சி வெங்கட்ரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. ஒவ்வொரு முறையும் ஒரு தூணையாவது தொட்டுவிட்டுத்தான் வருவார். “நம்ம ஊர்க் கல்லு, வந்த இடத்துல அநாதையா நிக்கக் கூடாது இல்ல?” என்பார். நான் பையைத் திறந்து காட்டுவேன். “இது என்ன நிறம் சொல்லுங்க.” அப்பா சரியாகச் சொல்வார். அரக்கு, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், மயில்கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். புடவைக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர்கள் அத்தனையும் அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தே பழகியவர்.

பிறகு பார்சலில் வரவழைக்கத் தொடங்கினேன். முக்கால் பங்கு மெரினோக் கம்பளி, கால் பங்கு நைலான், நூறு கிராம் சிட்டத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் என்று சாக்ஸுக்கென்றே செய்த நூல். ஒரே சிட்டத்தில் நாலைந்து நிறம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து வரும். அதைக் கையில் வாங்கியவுடன் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன். பீரோவின் கீழ்த்தட்டு நிறைந்து மேல்தட்டும் நிறைந்தது. தூக்கம் வராத ராத்திரிகளில் எழுந்து பீரோவைத் திறந்து நிற்பேன். மழை விட்ட சாயங்காலத்தில் எங்கள் ஊர்க் கிருஷ்ணகிரிக் கோட்டைமேல் ஒரு தாமிர நிறம் படியும். அதற்குச் சரியான நூல் எது என்று எடுத்து எடுத்து வைத்துப் பார்ப்பேன். இதைத் தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. நிறத்தைப் பார்த்து ஒரு மனுஷி சந்தோஷப்படுவதில் என்ன குற்றம்? குற்றம் வேறு இடத்தில் இருந்தது.

அப்பாவுக்கு 78 வயது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை 22 வருஷமாக. கொஞ்ச நாளாகக் கால் மதமதப்பாக இருக்கிறது, செருப்பு நழுவுவதே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயசானால் அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். வெளியே போனால் ஷூவும் சாக்ஸும் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. அப்பாவுக்காக என்று சொல்லி இனி எத்தனை ஜோடி வேண்டுமானாலும் பின்னலாம்.

அந்த ஜூலையில் பின்னியது நான் அதுவரை பின்னியதிலேயே அழகானது. அடிநிறம் அரக்கு. அதன்மேல் இரண்டிரண்டு சுற்றுக்கு ஒரு கோடாகப் பதினொரு நிறங்கள், பீரோவில் மிஞ்சியிருந்த துண்டு நூல்களிலிருந்து. ஒவ்வொரு நிறமும் மாறும் இடத்தில் பழைய நூலின் நுனி ஒன்று, புது நூலின் நுனி ஒன்று. ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்துக் கண்ணிகளுக்குள் ஓட்டினால் ஒரு சாக்ஸுக்கே ஒரு முழு ராத்திரி போகும். அடுத்த நிறம் பக்கத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிற அவசரத்தில், இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கிவிட்டேன். சாக்ஸ் நுனியையும் பெரியம்மா சொன்ன மாதிரி இணைக்கவில்லை. மிஞ்சிய கண்ணிகளில் நூலை ஓட்டிச் சுருக்குப் பை மாதிரி இழுத்து, உள்ளே முடிந்துவிட்டேன். வெளிப்பக்கம் பார்த்தால் எதுவும் தெரியாது. உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டு நினைக்கவில்லை. கை அப்படி நினைத்தது.

ஜூலை 11ஆம் தேதி யுனெஸ்கோ அறிவிப்பு வந்தது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. அப்பா அன்றைக்கு டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளை வரிசையில் கூட்டிக்கொண்டு எத்தனை வருஷம் அந்தக் கோட்டைக்குப் போனவர். 1677இல் சிவாஜி பிடித்தது, 1690லிருந்து ஏழு வருஷத்துக்கு மேல் ராஜாராம் உள்ளே இருக்க முகலாயப் படை வெளியே காத்துக் கிடந்தது, 1714இல் தேசிங்கு ராஜா சண்டையில் செத்தது, எல்லாம் தேதியோடு சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து என் பையன் வந்திருந்தான். தாத்தா பேரனைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார், புது சாக்ஸ் போட்டுக்கொண்டு. ஷூவுக்கு மேலே அந்தக் கோடுகள் தெரிய வேண்டும் என்று பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டார். வாசலில் நின்று நான் அதைப் பார்த்துப் பூரித்தேன்.

மேலே ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தேன், அடிவாரத்திலேயே சுற்றினார்கள். கல்யாண மஹால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம், அப்புறம் வெங்கட்ரமணர் கோயில், சக்கரக்குளம். மூன்று மணி நேரம். திரும்பி வந்தும் சாக்ஸைக் கழற்றவில்லை. “இருக்கட்டும்மா, இதமா இருக்குது” என்று அதோடேயே படுத்தார். மறுநாளும் போட்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒரு வாடை வந்தது.

இடது சாக்ஸ் வரவில்லை. பாதத்தோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் நனைத்து நனைத்துக் கழற்றினேன். சுண்டுவிரல் அடியில், புளியங்கொட்டை அளவுக்குத் தோல் போய்க் குழி விழுந்திருந்தது. சாக்ஸை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. அரக்குமேல் ரத்தம் காய்ந்தால் அதுவும் அரக்காகத்தான் இருக்கிறது. உள்பக்கம் திருப்பினேன். மூன்று நிறம் அடுத்தடுத்து மாறிய இடத்தில் மூன்று முடிச்சு, ரத்தத்தில் ஊறிக் காய்ந்து, மிளகு மாதிரி கெட்டியாக.

“என்னம்மா அப்படிப் பாக்குற?” என்றார் அப்பா.

“வலிக்கலையாப்பா?”

“எங்க?”

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னக் கைப்பிடியில் பொருத்திய நைலான் இழையை எடுத்தார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் இடம் இடமாகத் தொட்டு, தொடும்போது சொல்லுங்கள் என்றார். இழை ஒவ்வொரு தடவையும் வளைந்தது. குதிகால் பக்கம் இரண்டு இடத்தில் “ம்” என்றார். முன்பாதத்தில் ஒன்றுமே சொல்லவில்லை. டாக்டர் எப்போது தொடப் போகிறார் என்று காத்துக்கொண்டிருக்கும் முகத்தோடு படுத்திருந்தார். நைலான் எனக்குத் தெரிந்த பொருள். சாக்ஸ் நூலில் கம்பளி தேயாமல் இருக்கச் சேர்ப்பது. அந்த ஒரு இழை முன்னால், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் கற்ற என் கைவேலை நின்றது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. சாக்ஸைக் கேட்டு வாங்கி, உள்ளே கையை விட்டு, முடிச்சுமேல் என் ஆள்காட்டி விரலை வைக்கச் சொன்னார். “உங்களுக்குத் தெரியுது. அவருக்குத் தெரியாது. அதனால அவருக்குப் பதிலா நீங்கதான் தொட்டுப் பாக்கணும்.” பிறகு சொன்னார்: உள்ளே தையல் தட்டுப்படக் கூடாது. மேல்வாய் இறுகி, கழற்றியபின் காலில் பள்ளம் தெரியக் கூடாது. தினமும் மாற்ற வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டும். “நிறம் வேண்டாம்மா. கசிஞ்சா உடனே தெரியணும்.”

பதினொரு வாரம் கட்டுப் போட்டோம். விரலை எடுக்க வேண்டியதில்லை என்று உறுதியாகும்வரை நான் எந்தச் சாப்பாட்டையும் ருசித்துச் சாப்பிட்டதாக நினைவில்லை.

கட்டுக் கட்டிய அந்த நாட்களில்தான் வேலூர் பால் பிராண்ட் பற்றிப் படித்தேன். 1946இல் அங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரல்களை நோய் நேரடியாகத் தின்னவில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் அவர்களே அறியாமல் இழந்தார்கள் என்று கண்டறிந்து சொன்னவர். சர்க்கரைக் காலுக்கும் அதே கதைதான். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, அந்த மெத்தென்ற ரப்பர் செருப்பு முதலில் தொழுநோயாளிகளின் பாதங்களுக்காக வந்தது. பிராண்ட் பிறகு அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவரும் கூட வேலை செய்தவர்களும் ஒரு சாக்ஸ் செய்து பார்த்தார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளில் சாயம். நடக்கும்போது அதிக அழுத்தம் படும் இடத்தில் உறைகள் உடைந்து அந்த இடம் மட்டும் நிறம் மாறும். எந்த இடத்தில் புண் வரப்போகிறது என்று சாக்ஸே காட்டிவிடும்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காலுக்கு வாய் கிடையாது என்றார் பெரியம்மா. கார்வில்லில் நிறத்தைக் கொண்டு காலைப் பேச வைத்திருக்கிறார்கள். நான் அதே நிறத்தைக் கொண்டு அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன்.

மூன்று மாதம் பீரோவைத் திறக்கவில்லை. திறந்தபோது நூலை எடுக்கவில்லை. வீட்டில் இருந்த ஒன்பது ஜோடியையும் எடுத்துத் தரையில் போட்டு, ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பினேன். அரக்கு ஜோடியில் மட்டும்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் இரண்டு ஜோடி சுத்தமாக இருந்தன. மூன்றாவதிலிருந்து, அதாவது துண்டு நூல்களில் கோடு போட ஆரம்பித்ததிலிருந்து, எல்லாவற்றிலும் முடிச்சு. எண்ணினேன். 143.

இதோடு முடியவில்லை. வெளியே கொடுத்தவை இருந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி, மாமியார், கூட வேலை செய்கிறவரின் அண்ணன். இவர்களில் இரண்டு பேருக்குச் சர்க்கரை. வீடு வீடாகப் போனேன். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பது நம் வழக்கத்தில் கேவலம். காரணத்தைச் சொல்லித்தான் கேட்டேன், அப்பாவின் கால் உட்பட. பாட்டியின் கால்களைத் தூக்கி மடியில் வைத்து விரல் இடுக்கு வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. “ஏண்டி அழுவுற, நல்லாத்தானே இருக்குது” என்றார். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து முடிச்சுகளை அவிழ்த்து, நூல் நுனி போதாத இடத்தில் புது நூல் சேர்த்து, ஓட்டி மறைத்துத் திருப்பிக் கொடுத்தேன். தை மாதம் வரை அந்த வேலை இருந்தது. அப்பாவின் இடது சாக்ஸை மட்டும் சரி செய்யவில்லை. அது உள்பக்கம் வெளியே தெரியும்படி ஊசிப் பெட்டியில் கிடக்கிறது.

அப்பாவுக்குப் புதிதாகப் பின்னியது வெள்ளைப் பருத்தி. கம்பளி மாதிரி பருத்தி இழுத்தால் நீண்டு திரும்பி வராது. அதனால் 64 கண்ணிக்குப் பதில் 72, மேல்வாய் தளர. நுனியைக் கிச்சனர் பெயர் கொண்ட அந்த இணைப்பால், இரண்டு தரம் பிரித்து மூன்றாம் தரம் சரியாக வரும்வரை செய்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆஸ்பத்திரித் துணி மாதிரி இருக்குதே. நிறம் எங்கம்மா?”

அவருக்கும் நிறம் வேண்டும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. புண்பட்டது அவர் கால், தண்டனை என் கண்ணுக்கு என்று கணக்குப் போட்டு, அவருடைய சந்தோஷத்தையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தேன்.

எகிப்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பின்னல் சாக்ஸ்கள், ஏறக்குறைய ஆயிரம் வருஷத்தவை, பருத்தியில் பின்னியவை. வெள்ளையும் அவுரி நீலமும். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வெயில் நாட்டுக்காரர்கள் யாரோ வெயில் நாட்டு நூலில் பின்னியது. அவுரி எங்களுக்கும் அந்நியம் இல்லை. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். அந்த இரண்டு நிறத்திலேயே அப்பாவுக்கு மறுபடி பின்னினேன். கணுக்காலுக்குக் கீழே, குதிகால், பாதம், விரல், எல்லாம் வெள்ளை. கணுக்காலுக்கு மேலே, ஷூவுக்கு வெளியே தெரிகிற நாலு அங்குலத்தில் மட்டும் நிறம். முதலில் அவுரி நீலத்தில் மூன்று கோடு. நூல் நுனிகளை ஓட்டி மறைத்தேன். அந்த நாலு அங்குலத்துக்குப் பின்னிய நேரம் ஒரு சாயங்காலம், நுனி மறைத்த நேரம் இரண்டு சாயங்காலம்.

இப்போது தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் வந்து கேட்கிறார்கள், கோயிலுக்குப் போட்டுக்கொள்ள. சிங்கவரம் ரங்கநாதர் கோயில் படி, மேல்மலையனூர் பிரகாரம், திருவண்ணாமலை கிரிவலத்தின் 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு போய் உச்சிவெயில் கல்லில் கொப்புளம் போட்டுக்கொண்டு, அது தெரியாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நடுங்கியது. வெள்ளைப் பாதத்தோடு பின்னித் தருகிறேன். மேலே என்ன நிறம் என்று அவர்களே பீரோவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தரும்போது உள்பக்கம் திருப்பித்தான் தருகிறேன்.

நேற்று ராத்திரி அப்பா வழக்கம்போல வாசல் விளக்கடியில் நாற்காலியைப் போட்டு, கால்களை என் மடியில் நீட்டினார். சாக்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், விரல் இடுக்குகளைத் துடைத்தேன். பழைய புண் இருந்த இடத்தில் தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருக்கிறது.

“அடுத்தது மயில்கழுத்து போடும்மா” என்றார்.

சரி என்றேன். ஊசியில் இருந்து அன்றைக்குத்தான் இறங்கிய புது சாக்ஸ் பக்கத்தில் இருந்தது. அதற்குள் கையை விட்டு, நுனியிலிருந்து குதிகால்வரை, ஒவ்வொரு வரிசையாக விரலால் தடவிக்கொண்டு வந்தேன்.